பிரசாதமும் பத்தியமும்

ஏகாதசியன்று உலையேற்றாத இல்லங்கள் தமிழகத்தில் இன்றும் பல உண்டு. பெருமாளை எண்ணி அன்று அன்னத்தை விலக்குவது தலைமுறை தலைமுறையாக வந்த ஒழுக்கம். ஆனால் அன்னம் ஏறாத அந்த அடுப்பில் வேறு எவையெல்லாம் ஏறுகின்றன என்று நோக்கினால் சிறிது வியப்பே உண்டாகும். காலையில் ரவை உப்புமா; நண்பகலில் ஜவ்வரிசிக் கஞ்சியோ சேமியாவோ; மாலையில் இரண்டு வாழைப்பழமும் சர்க்கரை கலந்த பாலும்; இரவில் மீண்டும் ஓர் உப்புமா. 'சோறு கூடாது, பலகாரம் உண்ணலாம்' என்பது வழக்காகிவிட்டது. 'பலகாரம்' என்னும் சொல் 'பலாகாரம்' என்ற வடசொல்லிலிருந்து வந்ததாகும். அதன் பொருள் பழ உணவு என்பதே. பழத்தைக் குறித்த சொல் நாளடைவில் தோசையையும் அதிரசத்தையும் குறிக்கலாயிற்று. சொல் நகர்ந்த வழியிலேயே விரதமும் நகர்ந்துவிட்டது.

நீரிழிவு உள்ள மூத்தோர்க்கு இதனால் நேர்வது என்னவென்றால், உணவைக் குறைத்ததாக எண்ணியிருக்கும் அந்த நாளிலேயே இரத்தச் சர்க்கரை பிற நாள்களைவிட மேலேறி நிற்பதுண்டு. ரவையும் சேமியாவும் மாவுச்சத்தில் அரிசிக்கு இளைத்தவை அல்ல. மரவள்ளிக் கிழங்கின் மாவிலிருந்து செய்யப்படும் ஜவ்வரிசியோ அரிசியையும் மிஞ்சியது. 100 கிராம் ஜவ்வரிசியில் ஏறத்தாழ 88 கிராம் மாவுச்சத்தே. வயிற்றில் சென்ற மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கும்போது, அது எந்தத் தானியத்திலிருந்து வந்தது என்பதை உடல் கேட்பதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான பேராய்வு, இந்நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கும் மேற்பட்டவர்கள் என்று கணக்கிட்டது. எனவே கோயிலுக்குச் செல்லும் குடும்பங்களில் இந்நோயை அறியாத குடும்பம் அரிது. பாத நரம்புகள் உணர்விழந்த முதியவர், பங்குனி சித்திரை வெயிலில் பிராகாரக் கல்லின் சூடு தெரியாமல் வலம் வந்து, வீடு திரும்பிய பின்னரே உள்ளங்காலில் கொப்புளத்தைக் காண்கிறார். கண்ணின் விழித்திரை பழுதுற்றால் கருவறை விளக்கொளியில் மூர்த்தியின் திருமுகம் மங்கலாகவே தெரியும். பழனி மலையின் படிகளும் அண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் நினைவில் மட்டும் எஞ்சுமா, காலடியில் தொடருமா என்பதில் அன்றாட இலைக்கும் பெரும் பங்குண்டு.

இதற்கு வழி கேட்கும் முதியவரின் காதில் விழும் ஆலோசனைகளோ பல. அயல்நாட்டிலுள்ள மகன், தானியத்தையே அடியோடு நிறுத்திவிடுங்கள் என்கிறான். பக்கத்து வீட்டு மாமி, தினையும் சாமையும் உண்டால் மாத்திரையே வேண்டாம் என்கிறார். கோயில் மண்டபத்தில் உடன் அமரும் நண்பர், சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறிவிட்டதாகப் பெருமைப்படுகிறார். ஒவ்வொருவரும் தமக்குப் பயன்பட்டதை அன்போடுதான் சொல்கின்றனர். ஒருவருக்குப் பயன்பட்டது மற்றவர்க்கும் அவ்வாறே பயன்படும் என்று கொள்வதில்தான் இடர் இருக்கிறது.

நம் முன்னோர் இதனை அறிந்திருந்தனர். சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதி, பிரமேக நோயாளிகளை இரு வகையாகப் பிரிக்கிறது: பருத்த உடலும் வலிமையும் உடையவர் ஒருவர்; மெலிந்த உடலும் தளர்ச்சியும் உடையவர் மற்றவர். முன்னவர்க்குக் கழிவகற்றும் சிகிச்சையைச் சொல்லும் அந்நூல், பின்னவர்க்கு உடலைத் தேற்றும் ஊட்டத்தையே சொல்கிறது. நோய் ஒன்று, பத்தியம் இரண்டு. இருவகையினர்க்கும் பொதுவாக அந்நூல் போற்றும் தானியம் வாற்கோதுமை என்னும் யவம். நார்ச்சத்து மிகுந்த அத்தானியத்தை இன்றைய உணவியலாரும் விரும்புவதைக் காணும்போது மகிழ்ச்சி உண்டாவது இயல்பே. எனினும் அந்நூல் இன்றைக்குக் கற்பிப்பது, தானியத்தின் பெயரைக் காட்டிலும், எதிரே அமர்ந்திருக்கும் மனிதரை முதலில் பார்க்கும் அந்த முறையைத்தான்.

62 வயதில் பருத்த இடையோடு, உறுதியாக நடமாடும் ஒருவர் மாவுச்சத்தை நன்றாகக் குறைக்கலாம்; எடை இறங்க இறங்கச் சர்க்கரையும் இறங்கும். 78 வயதில், 42 கிலோ எடையோடு, சுவரைப் பிடித்து எழுந்திருக்கும் மூதாட்டி அதே பத்தியத்தைக் கைக்கொண்டால், சர்க்கரைக்கு முன் தசை கரையும். தசை கரைந்தால் கால் தள்ளாடும். ஒரு வீழ்ச்சி போதும், இடுப்பெலும்பு முறிய. முதுமையில் உடல்நலம் குன்றியவர்க்குச் சர்க்கரையின் இலக்கையே சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம் என்பதும் மருத்துவ உலகம் ஏற்ற கொள்கையாகும். ஆகவே மகனுக்கு எழுதிக்கொடுத்த அளவைத் தாய்க்கும் தந்தைக்கும் பொருத்துவது முறையன்று.

இனி, சமையலறையில் உள்ளவற்றின் கணக்கைச் சிறிது அறிந்துகொள்வது நலம். சமைத்த வெள்ளரிசிச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து உள்ளது. நடுத்தர இட்லி ஒன்றில் ஏறத்தாழ 10 கிராம். அதாவது மூன்று இட்லியும் 100 கிராம் சோறும் ஒன்றே. குழம்புக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என மூன்று முறை பரிமாறப்படும் நம் வழக்கத்தில் 350 கிராம் சோறு இலையேறுவது அரிதன்று. அதில் மட்டும் ஏறத்தாழ 100 கிராம் மாவுச்சத்து. 30 கிராம் மாவில் இடும் சப்பாத்தி ஒன்றில் ஏறத்தாழ 20 கிராம். சப்பாத்திக்கு மாறிய மண்டபத்து நண்பர் மூன்று உண்டால் 60 கிராம் ஆயிற்று. இரண்டோடு நிறுத்தினால் அவருக்குப் பயன் உண்டு. ஆனால் அந்தப் பயன் கோதுமையால் அன்று, குறைந்த அளவால் வந்தது.

சிறுதானியங்களைப் பற்றி இன்று பெருமையாகப் பேசப்படுகிறது. 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக உலகமே கொண்டாடியது. நார்ச்சத்தும் தாதுச்சத்தும் மிகுந்தவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் தினை, சாமை, வரகு, கேழ்வரகு ஆகியவற்றில் 100 கிராமுக்கு 60 முதல் 70 கிராம் வரை மாவுச்சத்து இருக்கத்தான் செய்கிறது, அரிசியில் 78. தவிடு நீக்கித் தீட்டிய தினையைக் குழையப் பொங்கி வயிறு நிறைய உண்டுவிட்டு, இது மருந்து என்று எண்ணுவது வீண். கேழ்வரகை நைய அரைத்துக் கூழாகக் குடித்தால் சர்க்கரை விரைந்தே ஏறும். வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியன வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்று என்னும் நம்பிக்கையும் அத்தகையதே. நிறமும் மணமும் வேறு. இரத்தத்தில் செய்யும் வேலை பெரும்பாலும் ஒன்று. ஒரு நாளைக்கு நான்கு முறை, முறைக்கு இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையோடு காபி அருந்துபவர், காபியில் மட்டும் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்த்துக்கொள்கிறார். பத்தியத்தை அங்கிருந்து தொடங்குவதே எளிது. நாக்கு இரண்டு மூன்று வாரங்களில் பழகிவிடும்.

எவ்வளவு குறைக்க வேண்டும்? இந்தியா முழுவதிலும் 18,000க்கும் மேற்பட்டோரின் உணவை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்கு விடை கணக்கிட்டது. உணவிலிருந்து பெறும் சக்தியில் மாவுச்சத்தின் பங்கை 50 முதல் 55 விழுக்காட்டளவுக்கு இறக்கி, புரதத்தின் பங்கை 20 விழுக்காட்டளவுக்கு ஏற்றினால், புதிதாக நீரிழிவு கண்டவர்களிலும் அதன் எல்லையில் நிற்பவர்களிலும் பலர் நலம் பெற இடமுண்டு என்றது அது. ஒரு நாளைக்கு 1,500 கலோரி உண்ணும் முதியவர்க்கு இது ஏறத்தாழ 190 கிராம் மாவுச்சத்தாகும். பட்டினி என்று சொல்லத்தக்க அளவன்று இது. ஒரு நாளைக்கு 50 கிராமுக்கும் கீழே இறக்கும் மேனாட்டுக் கடும்பத்தியம் முட்டையையும் இறைச்சியையும் நம்பி எழுந்தது. சைவ உணவு மட்டும் உண்ணும் இல்லத்தில் பருப்பிலும் சுண்டலிலும்கூட மாவுச்சத்து கலந்தே இருக்கிறது. அவற்றையும் விலக்கினால் புரதத்துக்கு எங்கே செல்வது? மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் முதியோர் அவ்வழியில் இறங்காதிருப்பதே அறிவுடைமை.

தமக்கேற்ற அளவைக் கண்டறிய ஒரு நோட்டுப் புத்தகமும், விரல் நுனியில் ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்க்கும் குளுக்கோமீட்டர் கருவியும் போதும். உண்பதற்குச் சற்று முன் ஒரு முறை, உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை பார்த்து, உண்டது என்ன, எத்தனை கரண்டி என்பதையும் எழுத வேண்டும். கரண்டியை மாற்றாதிருப்பது முக்கியம். மருமகள் ஒரு கரண்டியிலும் மனைவி ஒரு கரண்டியிலும் பரிமாறினால் கணக்கு நிற்காது. இரண்டு மணி நேரக் கணக்கு பெரும்பாலோர்க்கு 180க்குள் இருத்தல் நலம் என்பர். அவரவர் இலக்கை மருத்துவரிடம் கேட்டறிக. நாள்தோறும் விரலைக் குத்த வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு வாரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்று சென்றால் எது பயன் தந்தது என்பது தெளிவாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றியவர்க்கு எதுவும் விளங்குவதில்லை. பத்தாம் நாளில் பழைய இலைக்கே திரும்பிவிடுகிறார்.

இவ்வாறு எழுதிப் பார்த்தவர்களுக்கு வியப்பு காத்திருக்கும். ஒரே அடுப்பில் வெந்த வெண்பொங்கலை ஒரே அளவில் உண்ட கணவனுக்கும் மனைவிக்கும் இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை வெவ்வேறாக நிற்கும். ஒருவர்க்குக் காலை இட்லியே பகைவன். அதையே அவர் நண்பகலில் உண்டால் அவ்வளவு ஏறுவதில்லை. மற்றொருவர்க்கு இரவு உணவே சிக்கல். சோற்றுக்கு முன்பே பொரியலையும் கூட்டையும் பருப்பையும் உண்டு, சோற்றைக் கடைசிக்குத் தள்ளினால் ஏற்றம் குறைவது ஆய்வுகளிலும் தெளிவாகியுள்ளது. இலையின் மேல் வரிசையைத் தொட்டுக்கொள்வதற்கென்று வைத்திருக்கும் நம் பழக்கத்துக்கு இது சற்று மாறானது. மூன்று முறை சோற்றை இரண்டு முறையாக்கி, விடுபட்ட இடத்தில் கீரை மசியலையோ அவரைக்காய்ப் பொரியலையோ நிரப்புவது பலருக்கு எளிதாக அமையும். வேறு சிலர்க்கு ஒரு வேளையை முற்றிலும் தானியமின்றி அமைத்துக்கொள்வது மனத்துக்கு இலகு: பாசிப்பயறு மட்டும் அரைத்து வார்த்த அடை, கொண்டைக்கடலைச் சுண்டல், வெள்ளரியும் தயிரும், பனீர் சேர்த்த காய்கறி, ஒரு கைப்பிடி நிலக்கடலை. நவராத்திரியின் ஒன்பது நாளும் சுண்டல் படைக்கும் மரபு நம்முடையது. மற்ற நாளில் அதற்கு வீட்டில் இடமில்லாமல் போனதுதான் புதிர். உண்டபின் மாடவீதியில் பத்துப் பதினைந்து நிமிடம் மெல்ல நடப்பதும் கணக்கில் தெரியும்.

சிறுநீரகம் பழுதுற்றவர்கள் பருப்பையும் பனீரையும் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்கள் கீரையைத் திடீரெனப் பெருக்கலாகாது. மருந்தின் வேகம் அதனால் மாறும்.

பிரசாதத்தின் இடம் எது என்னும் கேள்வியே பக்தர்களின் மனத்தை மிகுதியும் வருத்துவது. பெருமாளின் பிரசாதத்தை மறுப்பது அபசாரமன்றோ என்று ஒரு பக்கம்; மருத்துவரின் எச்சரிக்கை மறுபக்கம். இவ்விரண்டுக்கும் இடையே உண்மையில் பகை இல்லை. பிரசாதம் என்ற சொல்லுக்கு அருள், தெளிவு என்பதே பொருள். வயிறு நிறைதல் அதன் பொருளன்று. வைணவ ஆலயத்தில் தீர்த்தமும் துளசியும், சிவாலயத்தில் திருநீறும் முதற்பிரசாதங்கள். அவற்றில் மாவுச்சத்து ஏது? காஞ்சி வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கும் குடலை இட்லி, மிளகும் சீரகமும் சுக்கும் மணக்க மூங்கில் குடலையில் வேகிறது. அதில் ஒரு துண்டே அடியவர்க்குக் கிடைக்கும். அந்த ஒரு துண்டே அளவு. வாழைப்பழம், பேரீச்சை, தேன், நெய், கற்கண்டு சேர்ந்த பழனிப் பஞ்சாமிர்தம் 2019இல் புவிசார் குறியீடும் பெற்றது. உள்ளங்கையில் ஒரு துளி ஏற்றால் அது பிரசாதம், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கரண்டியால் உண்டால் அது இனிப்பு. திருவேங்கடத்து லட்டு 175 கிராம் எடையுள்ளது. கடலை மாவைவிடச் சர்க்கரையே அதில் மிகுதி. அதைப் பகிர்ந்து வீடு வீடாகக் கொடுக்கும் வழக்கம் தமிழகத்தில் இன்றும் மறையவில்லை. கிள்ளி வாயிலிட்டு, மிகுதியைப் பேரக் குழந்தைகளுக்கும் அண்டை வீட்டார்க்கும் கொடுப்பவர் எதையும் மறுத்தவரல்லர். சர்க்கரைப் பொங்கலோ புளியோதரையோ தொன்னை நிறையக் கிடைக்கும் நாளில், அதனை அவ்வேளையின் சோற்றுக்கு ஈடாகக் கொள்வதும் ஒரு முறை; அதன் மேல் மீண்டும் முழு இலை கூடாது.

விரதத்தைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாத செய்தி ஒன்று உண்டு. கிளிமிபிரைடு போன்ற மாத்திரை உண்பவரும் இன்சுலின் இட்டுக்கொள்பவரும் வழக்கமான மருந்தை எடுத்துக்கொண்டு உணவை மட்டும் நிறுத்தினாலோ, மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தாலோ, சர்க்கரை 70க்கும் கீழே இறங்கக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு என்று அது இளையோரிடம் தெரியும்; முதியோரிடம் தடுமாற்றமும் பேச்சுக் குழறலும் மட்டுமே தோன்றலாம். விரதக் களைப்பு என்று உறவினர் படுக்கவைத்துவிடுகின்றனர். அது பெரும் ஆபத்து. உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துச் சோதித்து, ஏறவில்லையெனில் மீண்டும் கொடுக்க வேண்டும். நினைவு தவறியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அவ்வேளையில் லட்டு உதவாது. நெய் கலந்த இனிப்பு மெல்லவே இரத்தத்தில் சேரும். வோக்லிபோஸ் சேர்ந்த மாத்திரை உண்பவர்க்குச் சர்க்கரையும் உடனே பயன் தராது. குளுக்கோஸ் தூளே வேண்டும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மருந்து உண்பவர்க்கு வேறோர் இடர்: பட்டினியிலும் கடும்பத்தியத்திலும், சர்க்கரை மிகாமல் இருக்கும்போதே இரத்தத்தில் அமிலம் பெருகக்கூடும். வாந்தியும் வயிற்றுவலியும் மூச்சிரைப்பும் அதன் அறிகுறிகள். எந்த மாத்திரையை அன்று நிறுத்துவது, எதைக் குறைப்பது என்பதை ஒரு வாரம் முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நன்று.

உண்ணாமல் இருக்க இயலவில்லையே என்று மனம் குமைவதற்கு இடமில்லை. ஏகாதசி உபவாசத்தை 8 வயதைக் கடந்து 80 நிறையாதவர்க்கே தர்ம சாத்திரங்கள் விதித்தன. விரதத்தைக் கெடுக்காதவை என்று மகாபாரதம் எண்ணும் எட்டனுள் நீரும் கிழங்கும் கனியும் பாலும் உண்டு, மருந்தும் உண்டு. கனியென்றால் இரண்டு வாழைப்பழத்துக்குப் பதில் ஒரு கொய்யா, பாலென்றால் சர்க்கரை சேர்க்காத ஒரு குவளை என்று கொண்டால் விரதமும் நிற்கும், கணக்கும் நிற்கும். உப்புமாவின் இடத்தில் தேங்காய்த் துருவல் தூவிய பாசிப்பயற்றுச் சுண்டலை வைக்கலாம். அன்று பயறும் விலக்கும் இல்லங்களில் தயிரும் வெள்ளரியும் நிலக்கடலையும் உள்ளன.

மறுநாள் துவாதசிப் பாரணையின் இலையைப் பாருங்கள்: அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய். மாவுச்சத்து மிகக் குறைந்த மூன்று பண்டங்களை முன்னோர் தேர்ந்து வைத்திருக்கின்றனர். அவற்றை முதலில் உண்டு, பருப்பையும் மோரையும் சேர்த்து, சோற்றை அவரவர் நோட்டுப் புத்தகம் சொல்லும் கரண்டி அளவில் கடைசியாக இட்டுக்கொள்ளலாம். பாரணை விடியற்காலையில் அமையும் நாளில், காலை மாத்திரையின் நேரத்தையும் அதற்கேற்ப முந்தைய இரவே மாற்றிக் குறித்துவைக்க வேண்டும்.